மூன்று மணி அடித்து வை

786
ஸ்ரீவில்லிபுத்தூர்
6-6-97, வெள்ளி

அன்புள்ள நாச்சியாருக்கு ரஹ்மத்துன்னிசா எழுதிக்கொண்டது.

நூல் லோடு வண்டியில் வரும் பீர் முகமது மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சோழபுரம் பஸ்ஸில் சட்டையைப் பிடித்த சண்டை ஊர்ச் சண்டையாகி, பஸ் நின்று நாலு நாள் ஆகிறது. பதினோரு கிலோமீட்டரில் இருக்கிறவளுக்குக் கடிதம் எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது பார். போனில் பேசலாம்தான், ஆனால் உன் மில் ஆபீஸில் நீ போனை எடுத்தால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் மில் ரத்ததானக் குழுவின் பட்டியலை ஃபிளாப்பியில் அனுப்பாதே. போன தடவை மாமா அதை வண்டி ஸ்பீக்கர் மேலே வைத்து, பாட்டுக் கேட்டுக்கொண்டே கொண்டுவந்தார். காந்தம் அம்புட்டையும் தின்றுவிட்டது. இந்தத் தடவை போன் லைனிலேயே அனுப்பிவிடு. ஆஸ்பத்திரிகளுக்காக ரத்தப் பட்டியல் வைத்திருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் மெஷினுக்குள் ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும்தான் நுழைய முடியும். அவர்கள் போன் செய்தால், அது அவர்கள் நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே விடும். உனக்காக அந்தக் காவலை எடுத்துவிட்டு, வெளி ஆள் நுழைய ஒரு வழி திறந்து வைத்திருக்கிறேன். முதலாளிக்குத் தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவார். நம்பரும் பாஸ்வேர்டும் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. திங்கள் காலை பத்து மணி வரை திறந்திருக்கும். அதற்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டால் எங்கள் கடைக்குப் போன் போட்டு மூன்று தரம் மணி அடித்து வைத்துவிடு. அத்தா எடுக்க மாட்டார், காசும் ஆகாது. மூன்று மணி கேட்டதும் ஓடிப்போய் மூடிவிடுவேன்.

சாதிப் பத்தியை அழித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னாயே, தெருப் பத்தியை ஏன் வைத்திருக்கிறாய்? நம்ம ஊரில் தெருப் பேரைச் சொன்னால் போதாதா? அதையும் எடு என்று எத்தனை தரம் சொல்வது? உன் பிடிவாதத்தை உன் பட்டாளத்துக்காரர்தான் தாங்குவார்.

பாப்பாவுக்குக் கொலுசு எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று மாதம் முடியப்போகிறதே.

படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு.

ரஹ்மத்து


ராஜபாளையம்
8-6-97, ஞாயிறு, மாலை ஐந்து மணி

அன்பு ரஹ்மத்து,

நேற்றும் இன்றும் மெஷின் முன்னாலேயே கிடந்தேன். லைன் பதினேழு முறை அறுந்தது. 412 பேரில் 409 பேர் உன்னிடம் வந்துவிட்டார்கள், மூன்று பேர் எங்கேயோ விழுந்துவிட்டார்கள். அந்த மூன்று பேர் விவரமும் எனக்கு மனப்பாடம், நாளைக் காலை ஏற்றிவிட்டு மணி அடிக்கிறேன். அதுவரை மூடாதே.

தெருவை எடு எடு என்கிறாயே, ராத்திரி ஒருத்திக்கு ரத்தம் போகும்போது மில் அட்டெண்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எந்தத் தெருவில் போய்த் தேடுவான்? அந்த வீடுகளில் போனா இருக்கிறது? எனக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனபோது அரை மணி நேரத்தில் ஒருவர் வந்து படுத்துக் கையை நீட்டினாரே, தெரு எழுதியிருந்ததால்தான் வந்தார். ஓ நெகட்டிவ் இந்த ஊர் முழுக்க ஏழு பேர்தான். தெரு இல்லாவிட்டால் இன்றைக்கு நீ கொலுசு எடுக்க வேண்டியிருக்காது.

உன்னிடம் வந்த கையோடு இங்கே இருந்ததை அழித்துவிட்டேன். நேற்று மத்தியானம் கம்போடு ஆறு பேர் மானேஜர் அறைக்குள் வந்து, "அவனுக பேரெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்காம்லா, எடுத்துக் குடும்" என்று மேசைக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள். கண்ணாடிச் சில் என் டிபன் டப்பாவில் விழுந்தது. இனி ராஜபாளையத்தில் அந்தப் பட்டியல் இல்லை. உன்னிடம் பத்திரமாக இருக்கட்டும்.

வீட்டுக்குக் கூட்டிப்போக அண்ணன் வந்து கேட்டில் நிற்கிறான்.

நாச்சியார்


786
ஸ்ரீவில்லிபுத்தூர்
11-6-97, புதன்

நாச்சியாருக்கு,

ஞானமுத்து செத்துப்போனார். உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை. நேற்று போஸ்ட்மார்ட்டத்துக்கு இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். செத்தவர் மில் ரத்ததானக் குழு ஆள் என்று காதில் விழவும் ஓடினேன். வெளியே வேப்ப மரத்தடியில் அவர் பொண்டாட்டி கிருபாபாய் உட்கார்ந்திருந்தார். அழக்கூட இல்லை. நான் யாரென்று கேட்காமலே சொன்னார்.

"திங்கக்கெழம வெளக்கு வைக்கிற நேரம். ரத்தம் வேணும், பிரசவக் கேசுன்னு வாசல்ல கூப்பிட்டானுக. மூணு மாசம் ஆக இன்னும் ரெண்டு நாள் இருக்கேய்யான்னு இவிய கேட்டாவ. கேட்டுக்கிட்டே சட்டையப் போட்டாவ. மேல் பட்டன் போடுததுக்குள்ள வெட்டிட்டானுக."

கழுத்தில் ஒரு வெட்டு. அது போதாதென்று வலது கையை முழங்கை மடிப்பில், ஊசி குத்தும் இடத்திலேயே, மூன்று வெட்டு வெட்டித் தனியாக எடுத்துத் தெருச் சாக்கடையில் எறிந்திருக்கிறார்கள். வேறு யார் வீட்டுக் கதவையும் அவர்கள் தட்டவில்லை. ஒரே ஆளைத் தேடி வந்திருக்கிறார்கள்.

நான் சென்டருக்கு ஓடி வந்து மெஷினில் பார்த்தேன். யார் எப்போது நுழைந்தாலும் அது எழுதி வைத்துக்கொள்ளும். திங்கள் காலை 6.42க்கு உன் பேரில் யாரோ உள்ளே வந்து 6.46க்கு வெளியே போயிருக்கிறார்கள். மூன்று பேரை ஏற்றவில்லை, ஒன்றும் ஏற்றவில்லை. நீ மணியும் அடிக்கவில்லை. பத்து மணிக்கு நானாகத்தான் மூடினேன்.

அந்த நாலு நிமிடம் யாருடையது? பதில் எழுது.

ரஹ்மத்துன்னிசா


ராஜபாளையம்
14-6-97

ரஹ்மத்துக்கு,

உன் கடிதம் வந்தது. போலீஸ்காரர் மாதிரி எழுதியிருக்கிறாய்.

ஞானமுத்து செத்தது எனக்கு வருத்தம் இல்லையா? அந்த மனிதரின் பேரை என் கையால்தான் டைப் அடித்தேன். திங்கள் காலை லைன் சரியாக இருக்கிறதா என்று சும்மா பார்த்தேன், இரைச்சலாக இருந்தது, வைத்துவிட்டேன். அவ்வளவுதான். அந்த நாலு நிமிடத்துக்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

காவலை எடுத்தது யார்? நீதானே? நான் கேட்டேனா? நம்பரையும் பாஸ்வேர்டையும் எத்தனை மணி வரை என்பதையும் தாளில் எழுதி லாரியில் அனுப்பினது யார்? நீ அங்கே கோபுர நிழலில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்கலாம். இங்கே காலையில் தண்ணீர் பிடிக்கப் போனால் ரோட்டில் ரத்தத்தின் மேல் மண்ணைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நேற்று எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குக் காதோடு கன்னம் போயிற்று. பதிலுக்குப் பதில் நடந்துகொண்டே இருக்கிறது. இதில் யார் எதற்குச் செத்தார் என்று கணக்குப் பார்க்க நமக்கு என்ன இருக்கிறது?

இனி மாமாவிடம் கடிதம் கொடுக்காதே. மில்லில் கூட்டுகிற தங்கபாய் அக்காவிடம் கொடுக்கச் சொல். எங்கள் வீட்டில் கேள்வி கேட்கிறார்கள்.

நாச்சியார்


786
ஸ்ரீவில்லிபுத்தூர்
19-6-97

நாச்சியா,

கோபுர நிழலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதினாய். சரி, நிழல் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்.

திங்கட்கிழமை போலீஸ் வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போனது. முதலாளி என்னை வேலையைவிட்டு நிறுத்தினார். நான்தான் திறந்து வைத்தேன், அனுமதி கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அது உண்மை. மறுநாள் மடவார் வளாகத்தில் எங்கள் அத்தா கடைக்கு நாலு பேர் வந்து, "லிஸ்ட்டு குடுத்தவ அப்பன் நீதானய்யா" என்று தராசுத் தட்டாலேயே அவரை அடித்தார்கள். இடது முழங்கை நொறுங்கிவிட்டது. எண்ணெய் டின்களைக் கவிழ்த்து, அந்த எண்ணெயில் அவரை இழுத்திருக்கிறார்கள். அறுபத்திரண்டு வயது அத்தாவுக்கு, அல்லா பிச்சைக்கு, லிஸ்ட்டு என்றால் பலசரக்கு லிஸ்ட்டு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்கிறார், "என்னம்மா குடுத்த, யாருக்குக் குடுத்த?" என்று.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேள். மெஷின் நுழைந்த நேரத்தை மட்டும் எழுதி வைக்கவில்லை. என்ன தேடினார்கள் என்பதையும் எழுதியிருக்கிறது. போலீஸ் எடுத்துப் போவதற்கு முன்னால் நான் பிரிண்ட் எடுத்துவிட்டேன். பேர் கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை. கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி 11-3-97 என்று மட்டும் கேட்டிருக்கிறது.

அது பாப்பா பிறந்த நாள். அந்தத் தேதியைப் போட்டுத்தான் கொலுசுப் பெட்டியில் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

உனக்கு ரத்தம் கொடுத்த ஆள் யார் என்று கேட்டு யாரோ தேடியிருக்கிறார்கள். நீ டைப் அடித்தவள், உனக்கு முன்னமே தெரியும், நீ தேட வேண்டியதில்லை. அப்படியென்றால் உன் பக்கத்தில் இருந்தது யார்? இன்ஸ்பெக்டருக்கு இந்தத் தேதி ஒரு எண், அவ்வளவுதான். எனக்குத்தான் என்னவென்று தெரியும். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

பொய் சொல்ல ஆரம்பித்தால் கடிதமே எழுதாதே.

ரஹ்மத்துன்னிசா


ராஜபாளையம்
23-6-97

ரஹ்மத்து,

நாலு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. அம்மா பரிமாறிக்கொண்டே அந்தத் தெருக்காரர்களை நாறப் பேசிக்கொண்டிருந்தாள். அவர்கள் வம்சமே அழிய வேண்டும், தொட்ட தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று. இரண்டு நாள் மெஷின் முன்னால் இருந்து எனக்கு மண்டை காய்ந்து கிடந்தது. என்னால் வாயை அடக்க முடியவில்லை. "ஒம் பேத்தி பொழச்சுக் கெடக்கது அந்தத் தெரு ரத்தத்துலதாம்மா, அதக் குடிச்சுத்தான் நானும் உக்காந்து சோறு திங்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். அண்ணன் பால்ச்சாமி கையைக் கழுவவில்லை. "எவன்?" என்று கேட்டான். நான் சொல்லவில்லை. என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான், சொல்லவில்லை. எங்கிட்ட லிஸ்ட்டே இல்ல, அழிச்சுட்டேன் என்றேன். உண்மைதானே என்று நிம்மதியாகச் சொன்னேன். அவன் என் டிபன் பையைக் கொட்டினான். உன் கடிதம் விழுந்தது. நம்பர் அதில் இருக்கிறதே, மூன்று பேரை ஏற்றிய பிறகு எரித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அதை எழுத்துக் கூட்டி வாசித்தான். 'திங்கள் காலை பத்து மணி வரை திறந்திருக்கும்.' அந்த வரியை இரண்டு தரம் வாசித்தான்.

காலையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னை மில்லுக்கு நடத்திக் கூட்டிப்போனான். அவன் அங்கே ஃபிட்டர், கேட்டில் யார் கேட்பார்கள்? ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டான். பிள்ளையைச் சுற்றியிருந்த துண்டை விலக்கிக் காட்டினான். முதுகுக்கு அடியில் அரிவாள் இருந்தது. பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். "அசங்காம உக்காந்திருக்கேன், நீ அடி" என்றான். பிள்ளை பிறந்த தேதியை அவனே சொன்னான்.

அடித்தேன் ரஹ்மத்து. என் விரல்தான் அடித்தது. ஒரே ஒரு வரி வந்தது. பேர், ரத்த வகை, தெரு, கதவு எண். இரைச்சலில் லைன் அறுந்துவிடக் கூடாதா என்று பார்த்தேன். இரண்டு நாளில் பதினேழு முறை அறுந்த லைன் அன்றைக்கு நாலு நிமிடமும் சுத்தமாக நின்றது.

இன்னும் கேள். மூன்று பேர் ஏறாமல் விழுந்துவிட்டார்கள் இல்லையா? அந்த மூன்றில் ஒருவர்தான் அவர், வரவில்லை என்று நான் முன்னாலேயே சொல்லியிருந்தால் தேட விட்டிருக்கவே மாட்டான். அந்த ஒரு பொய் எனக்கு மத்தியானம்தான் தோன்றியது. தோன்றியதும் அவரிடம் ஓடிச் சொல்லியிருக்கலாம். பாப்பா வீட்டில் அவன் கையில் இருந்தாள். நான் ஓடவில்லை. விளக்கு வைத்த பிறகு அண்ணன் வந்து வாசல் தொட்டியில் கையைக் கழுவினான். அம்மா தண்ணீர் ஊற்றினாள். "இப்ப சுத்தமாயிட்ட" என்று என்னிடம் சொன்னான்.

நான் என்ன செய்ய வேண்டும்? நான் சொன்னால் அவனுக்குத் தூக்கு. சொல்லாவிட்டால் உன் அத்தாவை இன்னும் அடிப்பார்கள். கிருபாபாயின் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் தினமும் வாசலில் வந்து நிற்கிறார்.

நா.


786
ஸ்ரீவில்லிபுத்தூர்
25-6-97

நாச்சியா,

படித்தேன். உன்னை வெறுக்கலாம் என்று உட்கார்ந்தேன். வெறுக்கத்தான் செய்கிறேன். என்னையும் சேர்த்து. 'பத்து மணி வரை' என்று அத்தனை அழகாக எழுதியது என் கை. ஒரு பகல் போதுமான வேலைக்கு மூன்று நாள் கொடுத்தேன், நீ தோழி என்று.

பிள்ளையின் முதுகில் அரிவாள் இருக்கும்போது நீ அடித்ததற்காக உன்னை நான் கேட்க மாட்டேன். அதற்குப் பிறகு பதினாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாயே, அதைக் கேட்பேன், சாகும் மட்டும் கேட்பேன்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறாய். ஜூலை ஒன்றாம் தேதி, செவ்வாய், காலை பத்தரைக்கு இங்கே மாஜிஸ்திரேட் முன்னால் வந்து நாலு நிமிடம் என்ன நடந்ததென்று சொல். என் பிரிண்டை நான் கொண்டுவருகிறேன். பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. பாப்பாவை முதலில் தங்கபாய் அக்காவோடு எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடு. எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பிள்ளையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வராதே.

ரஹ்மத்து


ராஜபாளையம்
29-6-97

ரஹ்மத்து

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

கோர்ட்டுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். பெற்றவள், அவளிடம் மறைத்துப் போகக் கூடாது என்று நினைத்தேன். அண்ணன் வீட்டில் இல்லை. அம்மா என் வலது கையை அம்மியில் வைத்து அமுக்கி, குழவியால் இரண்டு போடு போட்டாள். மூன்று விரல் போயிற்று. பிறகு அவளே அழுதுகொண்டு மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றினாள். "இந்தக் கைதானட்டி எம் மவனக் கொல்லப் போகுது" என்றாள். இந்தக் கை ஏற்கெனவே ஒருவரைக் கொன்றது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பாப்பா தங்கபாய் அக்காவோடு வருகிறாள். இந்தக் கடிதமும் அவளோடுதான் வருகிறது.

செவ்வாய்க்கிழமை வாரேன்.

நா.


786
ராஜபாளையம், ஆஸ்பத்திரி வராண்டா
4-7-97, வெள்ளி

நாச்சியா,

உனக்கு இன்னும் முழு நினைவு வரவில்லை. உள்ளே போலீஸ் உட்கார்ந்திருக்கிறது, என்னை விடமாட்டேன் என்கிறார்கள். நர்ஸ் இதை உன் தலையணைக்கு அடியில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கண் விழித்ததும் யாராவது உனக்கு எதையாவது கூட்டிக் குறைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீ வாக்குமூலம் சொல்லிவிட்டு வந்தாய். அழாமல், ஒரு வார்த்தை விடாமல் சொன்னாய். நான் கதவுக்கு வெளியே நின்றேன். என் வீட்டில் பாப்பாவோடு இரு என்று கெஞ்சினேன். அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். உன் பிடிவாதம் தெரிந்து நானும் கூட வந்தேன். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில், பகல் ஒரு மணிக்கு, அம்புட்டு ஜனத்துக்கு நடுவில் பால்ச்சாமி வந்தான். தோளில் ஒன்று, வயிற்றில் ஒன்று. மூன்றாவது வெட்டை நான் டிபன் தூக்கால் தடுத்தேன், தூக்கு இரண்டாகப் பிளந்தது. கண்டக்டர்கள் நாலு பேர் சேர்ந்து அவனை அமுக்கினார்கள். இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

ரத்தம் நாலு பாட்டில் வேண்டும் என்றார் டாக்டர். ஓ நெகட்டிவ். கலவரத்தில் அடிபட்டவர்கள் வந்தபோது ஆஸ்பத்திரிக்காரர்கள், மெஷினைப் போலீஸ் தூக்குவதற்கு முன்னாலேயே, நம் பட்டியலிலிருந்து ஒரு பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்கள். ஏழு பேரில் ஒருவர் செத்தாயிற்று, ஒருவர் நீ. மீதி ஐந்து பேரும் ஒரே தெரு. நீ சண்டை போட்டு வைத்த தெருப் பத்தியைப் பார்த்துத்தான் போனேன்.

முதல் கதவைத் தட்டி, "ரத்தம் வேணும்ங்க, அவசரம்" என்றேன். உள்ளே விளக்கு அணைந்தது. பட்டப்பகலில் விளக்கை அணைத்தார்கள். இரண்டாவது வீட்டில் தாழ்ப்பாள் போடும் சத்தம். மூன்றாவதில் ஒரு பெண் உள்ளேயிருந்தே, "போயிருங்க, எம் பிள்ளைகள விட்டுருங்க" என்று கதறினாள். அந்தத் தெருவில் இனி அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுத்தெருவில் உன் ரத்தம் காய்ந்த துப்பட்டாவோடு நின்றேன்.

கிருபாபாய் மட்டும் கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"யாருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நாச்சியாருக்கு. பால்ச்சாமி தங்கச்சிக்கு. தேதிய அடிச்சவளுக்கு. காலைல கோர்ட்ல சொன்னதுக்காக அவனே வெட்டிட்டான்" என்றேன்.

என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். இன்னும் வலிக்கிறது. அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி, நான் தட்டிய முதல் கதவுக்கே போனார். "ஏலே, நான் கிருபா. ரத்தம் வேணும். நான் கூப்புடுதேன், வெளிய வாங்கலே" என்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார். கதவு திறந்தது. அவர் முன்னால் நடந்து கூப்பிடக் கூப்பிட, நாலு பேர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை.

போகும்போது சொன்னார்: "மன்னிச்சுட்டேன்னு அவகிட்ட சொல்லிராத. மன்னிக்கல. கேசுல கடேசி வரைக்கும் வந்து சொல்லணும், அதுக்கு அவ உசுரோட இருக்கணும். பொறவு, எம் புருசன் பேர அந்த லிஸ்ட்லருந்து எடுக்காதீங்க." எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பாப்பா எங்கள் வீட்டில் இருக்கிறாள். அத்தாவின் ஒரு கையில் கட்டு, மறு கையில் உன் மகள். கொலுசு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, கழன்று விழுகிறது. உன் பட்டாளத்துக்காரருக்குத் தந்தி கொடுத்தாயிற்று.

என் கோபம் தீரவில்லை. உன்னோடு எப்போது பேசுவேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் நீ எழுந்து உட்கார்ந்ததும் ஆஸ்பத்திரிப் போனிலிருந்து எங்கள் கடைக்கு மூன்று மணி அடித்து வை. நான் எடுக்க மாட்டேன். போன் பக்கத்திலேயே இருப்பேன்.

ரஹ்மத்து